பெட்டிக்குள் இருக்கும் கிண்ணம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு பழைய ஜப்பானியத் தேநீர்க் கிண்ணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஜப்பானில் வாழும் நம்மவர்களிடமிருந்து அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பலர் வீட்டில் யாரோ கொடுத்த கிண்ணம் ஒன்று பெட்டியோடு அலமாரியில் கிடக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்பது கடிதங்களைப் படித்தபோது புரிந்தது. நான் கியோட்டோவுக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. அதில் 14 ஆண்டுகளாக வாரம் ஒரு நாள் ஓர் அம்மையாரிடம் ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு முறை கற்று வருகிறேன். சனிக்கிழமைகளில் பழைய தேநீர்ப் பாத்திரங்கள் விற்கும் ஒரு சின்னக் கடையில் பெட்டிகளைத் தூசி தட்டி, மூடியில் இருப்பதைப் படித்து, விவர அட்டை எழுதுகிறேன். கையில் எடுத்துப் பழகியதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவரின் மேலதிகாரி ஓய்வு பெற்றபோது, தன் தாயார் வைத்திருந்தது என்று மரப்பெட்டியில் ஒரு கிண்ணம் கொடுத்தார். மூடியில் மையால் ஏதோ எழுதியிருக்கிறது. பெட்டி கறை படிந்து பழுப்பாகிவிட்டது. அதைப் போட்டுவிட்டுக் கிண்ணத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?
— நகோயா வாசகி

பதில்: பெட்டியைப் போட்டுவிடாதீர்கள், அம்மா. இந்தக் கடிதத்தைப் படித்ததும் முதலில் உங்களுக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பெட்டி பெரும்பாலும் கிரி மரத்தில் செய்ததாக இருக்கும். எடை இல்லாத மரம். காற்றில் ஈரம் கூடும்போது தான் கொஞ்சம் வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். மூடியின் மேல்பக்கம் பொதுவாகக் கிண்ணத்தின் வகை எழுதியிருக்கும்: ஹாகி, கரட்சு, கியோட்டோ மட்பாண்டம் என்று ஏதாவது ஒன்று, அதன் கீழே 'ச்சவான்', அதாவது தேநீர்க் கிண்ணம் என்ற சொல். ஓரத்திலோ மூடியின் உள்பக்கத்திலோ செய்தவர் பெயரும் சிவப்பு முத்திரையும் இருக்கும். குயவரே கையெழுத்திட்ட பெட்டியைத் 'தோமோபாக்கோ' என்பார்கள். பின்னால் யாரோ பொருத்தமாகச் செய்து வைத்த பெட்டி 'அவாசேபாக்கோ'. ஒரு கிண்ணம் யார் கையால் ஆனது என்பதற்குப் பல நேரம் அந்த மூடி ஒன்றுதான் சாட்சி. அதைப் பிரித்துவிட்டால் விலை வெகுவாகக் குறைந்துவிடும். விலையை விடுங்கள், யார் செய்தது என்ற செய்தியே அறுந்துபோகும். எங்கள் கடைக்கு அப்படிப் பெட்டியை இழந்து வரும் கிண்ணங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

பெட்டியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், மை கலங்கிவிடும். உலர்ந்த மென்தூரிகை போதும். கட்டியிருக்கும் தட்டையான பருத்தி நாடாவுக்குச் சனாதா ஹிமோ என்று பெயர். அதைக் கத்தரிக்காதீர்கள், முடிச்சை அவிழ்க்கும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கிண்ணத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் துணி இருக்கிறதா பாருங்கள். நான் முதன்முதலில் அதை விரித்தபோது ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். அதன் பெயர் 'உகோன்' துணி. உகோன் என்றால் மஞ்சள், நம் சமையலறை மஞ்சளேதான். மஞ்சளில் தோய்த்த துணியைப் பூச்சி அண்டாது என்று இங்கேயும் நம்பி, நல்ல பாத்திரங்களை அதில் சுற்றி வைக்கிறார்கள். இப்போது வருவதில் பலவும் வெறும் மஞ்சள் நிறச் செயற்கைச் சாயம்தான் என்றாலும் பெயர் மாறவில்லை.

பிறகு கிண்ணத்தை மடியில் ஒரு துண்டு விரித்து அதன்மேல் கவிழ்த்துப் பாருங்கள். மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றிவிட்டுத்தான். அடியில் வளையம்போல் இருப்பது 'கோடாய்'. பழகியவர்கள் ஒரு கிண்ணத்தைப் பார்க்கும்போது அங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள். மேலே மெருகு, அதாவது கண்ணாடி போன்ற பூச்சு, மூடிவிடுகிறது. அங்கே மட்டும் மண் வெளியே தெரியும், குயவர் கத்தி எப்படித் திரும்பியது என்பதும் தெரியும். அதன் பக்கத்தில் சின்ன முத்திரை குத்தியிருந்தால் அதையும் மூடி எழுத்தையும் படம் எடுத்து, பழம்பொருள் விற்கும் உரிமம் உள்ள கடையில் காட்டுங்கள். 1949 சட்டப்படி இந்தத் தொழிலுக்கு உரிமம் கட்டாயம்.

கேள்வி: சந்தையில் வாங்கிய ஹாகிக் கிண்ணத்தின் உள்ளே முழுக்கச் சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள். இரண்டு மாதம் குடித்ததில் அந்தக் கோடுகள் பழுப்பாகிவிட்டன. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. உடையப் போகிறதா? அழுக்கா?
— ஒசாகா வாசகர்

பதில்: இரண்டும் இல்லை. ஆனால் சோப்பை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அந்தக் கோடுகளுக்குக் 'கன்னியூ' என்று பெயர். சூளையில் இருந்து வெளியே வந்து ஆறும்போது மேலிருக்கும் மெருகு மண்ணைவிட அதிகமாகச் சுருங்குகிறது. அந்த இழுப்பில் மெருகு மட்டும் விரிசல் விடுகிறது. யமகுச்சி மாவட்டத்து ஹாகி மண் கரடுமுரடான துகள் கொண்டது, சூளைச் சூட்டில் முழுக்க இறுகாதது. அதனால் தேநீர் அந்தக் கோடுகள் வழியாக உள்ளே இறங்கி, ஆண்டுக்கணக்கில் நிறத்தை மாற்றிக்கொண்டே போகும். ஹாகிக்கு ஏழு மாற்றம் என்று ஒரு சொல்வழக்கே உண்டு. என் கிண்ணம் வாங்கும்போது பிவாப் பழத்தின் வெளிர் ஆரஞ்சு நிறம். எட்டு ஆண்டுகளில் அடிப்பக்கம் சாம்பலும் ஊதாவும் கலந்த திட்டுகள் வந்திருக்கின்றன. கூரை ஒழுகின சுவரில் பரவும் ஈரக்கறை மாதிரி இருக்கும். 'அமமோரி' என்று அந்தக் கறைக்கே பெயர் வைத்து ரசித்திருக்கிறார்கள். அமமோரி என்றால் மழை ஒழுகல்தான்.

கறை வரலாம், பூசணம் வரக்கூடாது. அதை நான் என் தவறால் கற்றேன். கிட்டானோ கோவில் சந்தையில் 3,500 யென்னுக்கு அந்த ஹாகியை வாங்கிய முதல் ஆண்டு, ஜூன் மழைக்காலம். ஒரு மாலை தேநீர் குடித்து, கழுவி, துணியால் நன்றாகத் துடைத்து, அன்றிரவே பெட்டியில் வைத்து நாடாவைக் கட்டிவிட்டேன். தொட்டுப் பார்த்தால் உலர்ந்துதான் இருந்தது. அக்டோபரில் திறந்தேன். நனைந்த சாக்கு வாடை. கோடாயைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு, துணியிலும் கருப்புப் புள்ளிகள். அழுகை வந்துவிட்டது.

ஆசிரியையிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு பெரிய பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, கிண்ணத்தை வைத்து, மூழ்கும்வரை பச்சைத்தண்ணீர் ஊற்றி, மிகச் சின்னத் தீயில் ஏற்றினார். கொதி பொங்கவே விடவில்லை. நீரில் மெல்லப் பழுப்பு இறங்கியது. அடுப்பை அணைத்து, அதே நீரிலேயே ஆறவிட்டார். சூடான கிண்ணத்தைக் குளிர்ந்த நீரில் போட்டால் விரிசல் விழுந்துவிடும். இரண்டு முறை இப்படி. பிறகு நிழலில், காற்றுப்படும் ஜன்னல் ஓரத்தில் இரண்டு வாரம் கவிழ்த்து வைக்கச் சொன்னார். வாடை போய்விட்டது.

அன்று முதல் என் வழக்கம் இதுதான். குடிக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் ஊறப் போடுவேன். மண் முதலில் நல்ல நீரைக் குடித்துவிட்டால் தேநீரை அவ்வளவு ஆசையாக இழுக்காது. குடித்ததும் வெறும் வெந்நீரில் விரலால் கழுவல். சோப்பு மணம் மண்ணுக்குள் போனால் அடுத்த பத்துத் தேநீரிலும் அது வரும். பிறகு குறைந்தது நான்கைந்து நாள் வெளியே. மழைக்காலத்தில் பெட்டிக்குள் வைப்பதே இல்லை.

கேள்வி: பாத்திரம் கழுவும் எந்திரம், மைக்ரோவேவ்?
— யோகோஹாமா வாசகி

பதில்: இரண்டிலும் வேண்டாம். மண்ணுக்குள் நீர் இருக்கிறது, திடீர்ச் சூடு தாங்காது. உடைந்து தங்கத்தால் ஒட்டியது என்றால் மைக்ரோவேவில் பொறி பறக்கும். இன்னொன்று: ராகு என்ற மட்பாண்ட வகையில், பழைய சிவப்புக் கிண்ணங்களுக்கு ஈயம் கலந்த மெருகு பூசும் வழக்கம் இருந்தது. ஒரு நிமிடம் தேநீர் இருந்துவிட்டுப் போவது வேறு, புளிப்பான எதையும் அதில் ஊற்றி வைப்பது வேறு. எப்போது செய்தது என்று தெரியாத கிண்ணத்தில் புளிப்பு வேண்டவே வேண்டாம், குழந்தைகளுக்கும் அதில் எதுவும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் இருப்பது தோக்கியோவில் இரண்டு அறையும் ஒரு சின்னச் சமையலறையும் உள்ள அடுக்குமாடி வீடு. ததாமிப் பாய் பதித்த அறை இல்லை, படம் மாட்டிப் பூ வைக்கும் தோகோனோமா மாடமும் இல்லை. இப்படிப்பட்ட வீட்டில் பழைய தேநீர்க் கிண்ணத்துக்கு என்ன இடம்? கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு வைக்கலாமா? என் மனைவி கிண்ணத்துக்குள் வீட்டுச் சாவிகளைப் போட்டு வைக்கலாம் என்கிறார்.
— தோக்கியோ வாசகர்

பதில்: சாவி வேண்டாம் ஐயா, உள்மெருகு கீறிப்போகும். கண்ணாடி அலமாரியும் எனக்கு அவ்வளவு உவப்பில்லை. தேநீர்க் கிண்ணம் பார்ப்பதற்கென்று மட்டும் செய்யப்பட்டதல்ல. சுமார் 12 சென்டிமீட்டர் வாய், ஏழெட்டு சென்டிமீட்டர் உயரம். இரண்டு உள்ளங்கை சேர்ந்தால் என்ன அளவோ அதுதான். கை படாமல் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும்போது பாதிக் கிண்ணத்தைத்தான் பார்க்கிறீர்கள்.

என் வீடும் உங்கள் வீடு போலத்தான், ததாமி இல்லை. சமையலறை மேசையில்தான் தேநீர். கெட்டில், சல்லடை, தக்காயாமாவில் செய்த, தேநீர் அடிக்கும் மூங்கில் மத்து ஒன்று. நாரா மாவட்டத்து இக்கோமாவில் இருக்கும் அந்த ஊர், 'சாசென்' எனப்படும் இந்த மத்துக்கே பெயர் போனது. இரண்டு கிராம் மாட்சா, அதாவது பச்சைத் தேயிலைத் தூளைச் சலித்துப் போட்டு, 80 டிகிரி அளவில் 70 மில்லி நீர் ஊற்றி அடித்தால் ஆயிற்று. தரையில் மண்டியிட வேண்டியதில்லை. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருவதற்கு முன் இருக்கும் பத்து நிமிடம்தான் என் தேநீர் நேரம்.

என்னிடம் ஆறு கிண்ணங்கள் இருக்கின்றன. வெளியே இருப்பது எப்போதும் ஒன்றே ஒன்று. கோடைக்கு வாய் அகன்ற, தட்டையான கிண்ணம். நீர் சீக்கிரம் ஆறும், பார்க்கவும் குளிர்ச்சி. பிப்ரவரிக் குளிருக்குக் குழல் போல் ஆழமான 'ட்சுட்சு' கிண்ணம், சூடு உள்ளேயே நிற்கும். பருவம் மாறும்போது ஒன்றைப் பெட்டிக்குள் அனுப்பி இன்னொன்றை எடுக்கிறேன். ஆறு மாதம் பார்க்காத கிண்ணத்தை மஞ்சள் துணியில் இருந்து எடுக்கும்போது, ஊரில் இருந்து வந்தவரைப் பார்க்கிற மகிழ்ச்சி. ஆறையும் வரிசையாக வைத்திருந்தால் ஒரு மாதத்தில் கண் அவற்றைப் பார்ப்பதையே நிறுத்திவிடும்.

நிலநடுக்கத்தை மறக்காதீர்கள். பெட்டிகள் அலமாரியின் கீழ்த்தட்டில். வெளியே இருக்கும் கிண்ணம் இடுப்பு உயரத்துக்கு மேல் போகவே கூடாது, அதன் அடியில் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் ஒட்டுப்பசை ஒரு சொட்டு. மண் வெளியே தெரியும் கோடாயில் அந்தப் பசை ஊறக்கூடும். அதனால் நான் கிண்ணத்தை ஒரு கனமான மரத்தட்டில் துணி விரித்து வைத்து, தட்டை மட்டும் ஒட்டுகிறேன்.

கேள்வி: 2,000 யென்னுக்கு ஒரு கருப்புக் கிண்ணம் வாங்கினேன். அடியில் 'ராகு' என்ற எழுத்து முத்திரை. நிஜ ராகுவா?
— கோபே வாசகர்

பதில்: ராகு முறையில் செய்தது என்று கொள்ளுங்கள். 16ஆம் நூற்றாண்டில் தேநீர் ஆசான் சென் நோ ரிக்கியூவின் ரசனைக்கேற்ப சோஜிரோ என்ற குயவர் தொடங்கிய ராகு குடும்பம் இன்று 16ஆம் தலைமுறையில் கியோட்டோவில் இருக்கிறது. சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்து, செக்கச் சிவந்த நிலையில் இடுக்கியால் சூளையிலிருந்து எடுக்கும் அந்த முறையை வேறு பல பட்டறைகளும் பின்பற்றின. அந்த எழுத்தை முத்திரையாக வைத்த கிண்ணங்களும் ஏராளம். கியோட்டோ வந்தால் ராகு அருங்காட்சியகத்தில் ஒரு முற்பகல் இருங்கள். பிறகு உங்கள் கிண்ணத்தை எடுத்துப் பாருங்கள், கை தானாகச் சொல்லும். உங்களுடையதில் தேநீர் குடிக்கச் சுகமாக இருக்கிறதென்றால் 2,000 யென் வீணில்லை.

கேள்வி: மறைந்த என் தோழி கொடுத்த கிண்ணம் மூன்று துண்டாகிவிட்டது. உடைந்ததைத் தங்கக் கோட்டோடு ஒட்டும் கின்ட்சுகி முறைக்கான பெட்டி ஒன்று கடையில் கிடைக்கிறது, ஒரே நாளில் ஒட்டிவிடலாமாம். செய்யலாமா?
— ஃபுக்குவோக்கா வாசகி

பதில்: முதலில் துண்டுகளை, பொடித் துணுக்குகள் உட்பட, ஒரு காகிதத்தில் பொதிந்து வையுங்கள். எந்தப் பசையும் தொட வேண்டாம். அவசரமே இல்லை.

ஒரே நாள் பெட்டிகளில் வருவது செயற்கைப் பசையும் தங்க நிறத் தூளும். பூ வைக்கவோ பார்த்துக்கொண்டிருக்கவோ என்றால் சரி. உதடு படும் பாத்திரத்துக்கு, உணவுக்கு ஏற்றது என்று பெட்டியில் தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய வேண்டாம். உண்மையான முறை உருஷி மரத்துப் பாலில் செய்வது. கோதுமை மாவோடு குழைத்து விளிம்புகளை ஒட்டுவார்கள். இந்தப் பால் வெயிலில் காயாது, ஈரத்தில்தான் இறுகும். ஈரத்துணி வைத்து மூடிய பெட்டிக்குள் வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். பிறகு மண்தூள் கலந்த உருஷியால் பள்ளங்களை நிரப்பி, தேய்த்து, மேலே கோடிட்டு, அது முழுக்க இறுகும் முன் தங்கத்தூள் தூவுவார்கள். மாதங்கள் ஆகும். காயாத உருஷி தோலில் பட்டால் கொப்புளம் போட்டு எரியும். அதனால் நீங்களே கற்க விரும்பினால் கையுறை போட்டு, ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் 'பக்கோஹான்' என்ற பச்சைக் கிண்ணம் இருக்கிறது. விரிசல் விட்டதால், அதே போல் வேறொன்று கேட்டு அந்நாள் ஆட்சியாளர் ஆஷிகாகா யோஷிமாசா சீனாவுக்கு அனுப்பினார் என்றும், அப்படி ஒன்றை இனிச் செய்ய முடியாது என்று இரும்புக் கவ்விகளால் தைத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்றும் கதை. இன்று பார்க்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது அந்தக் கவ்விகளைத்தான். உங்கள் தோழியின் கிண்ணத்தை நல்ல கையில் ஒப்படையுங்கள். அது திரும்பி வரும் வரை காத்திருப்பதும் அவரை நினைத்துக்கொள்ளும் நேரம்தான்.

கேள்வி: முதல் கிண்ணம் எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது?
— கியோட்டோ மாணவி

பதில்: நீங்கள் இருக்கும் ஊரிலேயே மாதம் 21ஆம் தேதி தோஜி கோவில் சந்தை, 25ஆம் தேதி கிட்டானோ தென்மாங்கு சந்தை. காலையில் போங்கள். கேட்டுவிட்டு, கீழே உட்கார்ந்து, தரைக்குச் சற்று மேலேயே இரு கையாலும் எடுங்கள். உதடு படும் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். கண் தவறவிடும் சில்லு விரலுக்குத் தெரியும். உள்ளே அடிப்பகுதி மத்து சுழல இடம் தருகிறதா பாருங்கள், குறுகிய அடியில் நுரை வராது. முகர்ந்தும் பாருங்கள். வாங்கும் நாளில் பெரிய பெயரைத் தேடாதீர்கள். கையில் இருந்து கீழே வைக்க மனம் வராததை வாங்குங்கள்.

கேள்வி: மாமியார் எங்களோடு தங்க வந்திருக்கிறார். நான் ஆசையாக வாங்கிய கிண்ணத்தைப் பார்த்து, 'கோணலாக இருக்கிறதே, கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா' என்கிறார். இதில் என்ன அழகு என்று அவருக்கு எப்படிச் சொல்வது?
— சைத்தாமா வாசகி

பதில்: அவர் சொல்வதில் தப்பே இல்லை. கோணல்தான். ஜப்பானில் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்ட தேநீர்க் கிண்ணங்கள் எட்டு. அவற்றில் கிசாயெமோன் என்ற கொரியக் கிண்ணம், தைத்தோகுஜி கோவில் வளாகத்துக் கோஹோவான் மடத்தில் இருப்பது, பெயர் தெரியாத குயவர் செய்தது. அதன் கோடாயைச் சுற்றி மெருகு சரியாகப் பிடிக்காமல் திரண்டு திரண்டு நிற்கிறது. சூளையில் நேர்ந்த குறை என்று தள்ளியிருக்கலாம். தேநீர்ச் சடங்கில் ஊறியவர்கள் அதற்குக் 'கைராகி' என்று பெயர் கொடுத்து, அதையே தேடிப் போனார்கள். எட்டில் ஜப்பானிலேயே செய்தவை இரண்டுதான்: ஹோன்னமி கோயெட்சுவின் 'ஃபுஜிசான்' ஒன்று, மினோப் பகுதிச் சூளையில் வெந்த 'உனோஹனாகாகி' மற்றொன்று. அந்த உனோஹனாகாகியின் விளிம்பும் நேர்க்கோடு கிடையாது, குன்றுகளின் வரிசை போல் ஏறி இறங்கும்.

ஆனால் இதையெல்லாம் மாமியாரிடம் சொல்லாதீர்கள். சொல்லி வருவதில்லை. ஒரு மாலை, அவர் வேலை முடித்து உட்கார்ந்திருக்கும்போது, கிண்ணத்தை வெந்நீரில் சூடாக்கி, தேநீர் அடித்து, இரு கையாலும் அவர் கையில் கொடுங்கள். மெல்லிய பீங்கான் என்றால் விரல் சுட்டு உடனே கீழே வைத்திருப்பார். இந்த மண் சூட்டை மெதுவாகத்தான் வெளியே விடும், உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருக்கலாம். கோணல் இருக்கும் பக்கத்தில் அவர் கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும். அவருக்குக் கசப்பு பிடிக்கவில்லை என்றால் வெறும் வெந்நீரையே ஊற்றிக் கொடுங்கள். என் அம்மா இங்கே வந்திருந்தபோது அப்படித்தான் செய்தேன். ஊருக்குக் கிளம்பும்வரை தினமும் காலையில், மற்ற டம்ளர்களை விட்டுவிட்டு, அந்தக் கிண்ணம் எங்கே என்றுதான் கேட்டார்.